சைக்கிள் நேர்ச்சை

நேர்ச்சைக்குப் போகிறவர்கள் குத்துப்பாட்டு போட்டுக்கொண்டு போய் ஆக்ஸிலியா பார்த்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கொடைக்கானல் ஏரிக்கரையில் அதையும் பார்த்தாள். ராபினின் ஹேண்டில்பாரில் செங்கல் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் தொங்கிக்கொண்டு ஊரையே எழுப்பியது. அதைச் சைக்கிள் என்று சொல்வதும் பாவம். பேட்டரி வண்டி. சும்மா காலைச் சுற்றிக்கொண்டிருந்தால் போதும், ஏற்றத்தில் அதுவாகவே ஏறிக்கொள்ளும்.

"என்னலே இது? மிதிச்சுப் போறதாத்தான நேர்ந்திருக்கு?"

"பெடல் இருக்குல்ல ஆக்ஸி? பெடல் இருந்தா சைக்கிள்தான். அந்தோணியார் என்ன பிரேக் இன்ஸ்பெக்டரா, வண்டிய நிறுத்தி செக் பண்ண?"

எல்வின் இதற்குக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவனுடைய சைக்கிள் அவனுடைய பிக்கப் வண்டியின் பின்னால் சொகுசாகப் படுத்திருந்தது. பாதுகாப்புக்கு யாராவது ஒருத்தர் வண்டியோட்டிக்கொண்டு பின்னால் வரவேண்டுமாம். ஒழுங்காகச் சைக்கிளும் கையுமாக நின்றவன் சிவமுருகன் ஒருத்தன்தான். பழனிக்காரன், மூஞ்சிக்கல்லில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். அவனும் வெள்ளனே எழுந்து நாலு பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டு அடித்துவிட்டுத்தான் வந்திருந்தான். ஆக்ஸிலியா முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள்.

நாலு பேரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் மாதத்தில் ஒரு ஞாயிறு சேர்ந்து சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலையைச் சுற்றிவிட்டு, முட்டைக்கோஸ் பாத்திகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்து, பழைய வாத்தியார்களைக் கேலி பேசிவிட்டுத் திரும்புவார்கள். பள்ளிக்கூட சயின்ஸ் லேபில் குப்பியும் குழாயும் கழுவிக்கொண்டிருந்த ஆக்ஸிலியாவுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே உல்லாசம் அதுதான். அதனால்தான் அந்த மூன்று பேரையும் அவள் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அந்த நட்புக்கு நடுவில்தான் ராபினின் காட்டேஜ் வந்து நின்றது. பெருமாள்மலைக்கு மேலே பதினாலு அறை கட்டி, அத்தனை அறைக்கும் வெந்நீர்க் குழாய் வைத்தவன், கக்கூஸ் தண்ணீர் எங்கே போகும் என்பதற்கு மட்டும் ஒரு பைப்பைப் போட்டு ஓடையில் விட்டுவிட்டான். அந்த ஓடை நேராக இறங்குவது பேத்துப்பாறைக்கு. ஆக்ஸிலியா பிறந்த ஊர். ஊர் டேங்குக்குத் தண்ணீர் ஏறுவதே அதிலிருந்துதான். வாடை அடிக்குது என்று அவளோடு அஞ்சாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த கந்தம்மாள்தான் முதலில் சொன்னாள். ஆக்ஸிலியா ஒரு பாட்டில் தண்ணீரை லேபுக்கு எடுத்துப்போய், மலம் கலந்திருந்தால் கறுப்பாகிவிடும் மருந்துக் குப்பியில் ஊற்றி வைத்தாள். மறுநாளே அது தார் மாதிரி ஆகிவிட்டது. அவளே ஒரு மனு எழுதி ஊருக்குக் கொண்டுபோனாள். முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து கந்தம்மாளுடையது.

மனுவைத் தாலுகா ஆபீஸில் கொடுக்கப் போகிற வாரத்தில்தான் ராபின் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "கட்டின்னு சொல்றாங்க ஆக்ஸி. மதுரைக்குப் போறேன்," என்று சொல்லிவிட்டு, பொம்பளை மாதிரி முந்தானை இல்லாததுதான் குறை, அப்படி அழுதான். சாகக் கிடக்கிறவன் மேலே புகார் எழுதிக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை. மனுவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பேத்துப்பாறையில் அந்தோணியார் சிலை இருக்கும் கெபியை நினைத்து, இவன் பிழைத்தால் நாலு பேரும் கொடைக்கானலிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து நன்றி சொல்கிறோம் என்று நேர்ந்துகொண்டாள்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். நேர்ந்துகொண்ட பிறகு வியாதியின் பேரைச் சொல்லக்கூடாது, ரிப்போர்ட் என்ன ஆச்சு என்று விசாரிக்கக்கூடாது. விசாரித்தால் அந்தோணியாரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். நேர்ச்சையைச் செலுத்துகிற அன்றைக்குக் கெபி முன்னால் நின்று, கிடைத்த நன்மையை ஊர் கேட்கச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஆகவே நாலு மாதமாக அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள். போன வாரம் ராபினே வந்து, "அந்தோணியார் கைவிடல ஆக்ஸி, செலுத்திருவோம்," என்றபோது அவள் கண் கலங்கிவிட்டது.

இப்போது அந்த ராபின் ஸ்பீக்கர் அலற, செல்போனைக் கோலில் மாட்டித் தன் மூஞ்சியைத் தானே படம் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். "இயற்கையோட இயற்கையா ஒரு நன்றிப் பயணம், பிரெண்ட்ஸ்!"

இயற்கை அன்றைக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. நீளமான லீவு முடிந்த மறுநாள். ரோட்டோரம் முழுக்க பிரியாணிப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றி எறிந்த டயப்பரும். ஒரு குரங்கு அந்த டயப்பரைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, அதுக்கே பிடிக்காமல் தூக்கி எறிந்தது. எதிரே ஏறி வந்த வேன்களின் ஜன்னலுக்குக் கீழே, உள்ளே இருந்தவர்கள் எடுத்த வாந்தி காற்றில் இழுபட்டு மஞ்சளாகக் காய்ந்திருந்தது. ஒரு வேனிலிருந்து எட்டிப்பார்த்த ஆள், ஆக்ஸிலியாவின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி வெற்றிலைச் சாற்றைத் துப்பினான். மலை என்று ஒன்று இருந்தால் மனுசனுக்கு அதன் மேல் எதையாவது கழித்தே ஆகவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பெருமாள்மலை தாண்டி ஒரு திருப்பத்தில் சிவமுருகன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ரோட்டோரச் சுவரைப் பிடித்துக் குனிந்தான். நாலு பரோட்டாவும் திரும்பி வந்தன. எல்வின் பிக்கப்பை நிறுத்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினான். ஆக்ஸிலியாதான் சிவமுருகன் முதுகைத் தடவிக் கொடுத்து, எல்வினின் பாட்டிலை வாங்கி வாய் கொப்பளிக்க வைத்தாள்.

"மருந்துக்கடை வச்சிருக்க, ஒரு மாத்திரை கொண்டாந்திருக்கக் கூடாதா?"

"ராபின் பைல இருக்கும் பாரு," என்றான் சிவமுருகன், கண்ணை மூடிக்கொண்டே. பேட்டரி வண்டிக்காரன் பையைப் பிக்கப்பில் போட்டுவிட்டு வீடியோ எடுக்க முன்னால் போயிருந்தான். எல்வின் பையைத் துழாவி ஒரு அட்டை மாத்திரையை எடுத்துக் கொடுத்தான்.

"இது அவன் தொண்டைக்குள்ளதுல்ல?" ஆக்ஸிலியா தயங்கினாள். "இத நீ போடலாமா?"

"தொண்டைக்கா? கேஸ் மாத்திரை புள்ள. நாலு மாசமா நான்தான குடுக்குறேன். ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கறி தின்னா நெஞ்சு எரியாம என்ன செய்யும்? மதுர டாக்டரு அன்னைக்கே சொல்லிட்டாரே, கட்டியுமில்ல மண்ணுமில்ல, வயித்தப் பாத்துக்கன்னு."

எல்வின் அவன் விலாவில் இடித்தான். இடித்ததை அவள் பார்த்துவிட்டாள். சிவமுருகன் கண்ணைத் திறந்தான்.

"ஒனக்கும் தெரியுமா?" என்று எல்வினைக் கேட்டாள்.

"அது அவன் சோலி ஆக்ஸி. நாம எதுக்கு நடுவுல?" காட்டேஜின் அழுக்குப் போர்வைகளைத் தினமும் வெளுக்கக் கொண்டுபோவது எல்வினின் பிக்கப்தான். அந்த வருமானத்தை இழக்க அவனுக்கு மனசில்லை. சிவமுருகன் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பிக்கப்பில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

ஆக்ஸிலியா சைக்கிளை விட்ட வேகத்துக்கு அடுத்த திருப்பத்தில் விழுந்திருக்க வேண்டும். ஊருக்குப் பிரிகிற ரோட்டில், ஓடை குறுக்கே போகும் சின்னப் பாலத்தில் ராபினின் வண்டி நின்றது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் பாலத்தின் விளிம்பில் நின்று, பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே, ஓடைக்குள் ஒன்றுக்கு இருந்துகொண்டிருந்தான். கீழே தண்ணீர் சோப்பு நுரையும் சாம்பல் நிறமுமாக, ஒரு கெட்ட வாடையோடு பேத்துப்பாறைப் பக்கம் இறங்கியது. இவ்வளவையும் விட்டது போதாமல் இன்னும் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகிறான்.

அவள் சைக்கிளை அவன் வண்டிக்குக் குறுக்கே நிறுத்தினாள்.

"கட்டி இல்லன்னு எப்பத் தெரியும் ஒனக்கு?"

ராபின் ஜிப்பை இழுத்துக்கொண்டு திரும்பினான். பின்னால் வந்து நின்ற பிக்கப்பையும் அவள் முகத்தையும் பார்த்தான். மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரி தெரிந்தது. பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் கடைசி வரை மன்னிக்க முடியவில்லை.

"மொதல்ல பயந்தது நெசம் ஆக்ஸி, சத்தியமா. ரெண்டாம் நாளே ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அதுக்குள்ள நீ மனுவ உள்ள வச்சிட்ட, நேர்ந்துக்கிட்ட. சரி, புள்ள ஆசப்படுதுன்னு விட்டுட்டேன்."

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"நீ கேக்கலையே! நான் எங்க பொய் சொன்னேன்? நேர்ந்துக்கிட்டவங்க கேக்க மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும்ல, நானும் வேதக்காரன்தான." கிட்டே வந்து குரலைத் தணித்தான். "கோவத்த விடு. பைப்ப எப்படியும் அடுத்த வருசம் மாத்திருவேன். இப்ப இன்னும் பத்து ரூம் கட்டுறேன். ஊர்க்காரங்க முன்னால நீ நின்னு, ராபின் பொழச்சான், நல்ல மனுசன்னு நாலு வார்த்த சொல்லு. அத அப்படியே வீடியோ எடுத்துப் போட்டா யாரும் வம்புக்கு வரமாட்டான். நம்ம பிரெண்ட்ஷிப்புக்காக."

ஆக, இதற்குத்தான் சவாரி. இதற்குத்தான் நேர்ச்சையைச் செலுத்திவிடுவோம் என்று அவன் தானாக வந்து சொன்னான். அவனை ஓங்கி ஒரு அறை அறைந்தால் தன் கைதான் அழுக்காகும் என்று அவளுக்குப் பட்டது. ஒன்றும் சொல்லாமல் சைக்கிளில் ஏறினாள். இவள் சம்மதித்துவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். பின்னால் பாட்டு மறுபடி சத்தமாகக் கேட்டது.

அங்கிருந்து ஊருக்கு இரண்டு ஏற்றம். மிதிக்க மிதிக்க அவளுக்கு ராபின் மேலிருந்த அருவருப்பு மெல்லத் தன் பக்கமே திரும்பியது. அவன் அயோக்கியன், சரி. அவனை எட்டாம் வகுப்பிலிருந்து தெரியும், பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதிவிட்டுப் பக்கத்திலிருந்தவனையே மாட்டிவிட்டவன். நான் என்ன செய்தேன்? ஊரிடம் மனுவைக் கொடுக்கவில்லை என்று சொன்னேனா? கொடுத்தாச்சு, ஆபீஸர் வருவார் என்றுதான் முப்பத்தெட்டுப் பேரும் காத்துக் கிடக்கிறார்கள். கந்தம்மாள் போன மாதம் வயிற்றுப்போக்கில் சுருண்டு, வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் ஆறு நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேனே, அப்போதாவது வாயைத் திறந்தேனா? "ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?" என்று அவள் கேட்டாள். "பாத்துட்டிருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் பழத்தை உரித்தேன். ஒருத்தன் உயிருக்காக ஒருசந்தி இருந்த புண்ணியவதி, ஒரு ஊரையே மலத்தைக் குடிக்கவிட்டாள். இதைவிட அசிங்கம் அந்த ஓடையில்கூட ஓடவில்லை. இரண்டாவது ஏற்றத்தில் மூச்சு முட்டியது. இறங்கித் தள்ளினாள், ஆனால் நிற்கவில்லை.

கெபி முன்னால் அறுபது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு வேதக்காரர், இந்து என்ற வித்தியாசம் அங்கே கிடையாது. பாதிப் பெண்கள் காபித் தோட்டத்து வேலையிலிருந்து ஒரு மணிநேரம் சொல்லிவிட்டு, இடுப்பில் கட்டிய சாக்கோடு வந்திருந்தார்கள். செபம் சொல்லவைக்கும் உபதேசியார் உபகாரம் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கந்தம்மாள் கன்னம் ஒட்டிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆக்ஸிலியாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை ஆட்டினாள்.

பின்னாலேயே ராபின் வந்து இறங்கி, எல்லோருக்கும் கும்பிடு போட்டான். எல்வின் செல்போனை வாங்கிப் படம் பிடிக்கத் தயாரானான். சிவமுருகன் பிக்கப்பை விட்டு இறங்கவே இல்லை.

செபம் முடிந்தது. மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். "நம்ம ஊருப் புள்ள ஆக்ஸிலியா கொடைக்கானல்லருந்து மிதிச்சே வந்திருக்கு. கெடச்ச நன்மைய அது வாயாலயே கேப்போம்," என்று உபகாரம் மைக்கை நீட்டினார்.

மைக்கை வாங்கினாள். அந்தோணியாரைப் பார்த்தாள். அவர் வழக்கம்போலக் கையிலிருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராபினுக்குத் தொண்டையில கட்டின்னு சொன்னாங்க. அவன் பொழைக்கணும்னு நேர்ந்துக்கிட்டேன். இன்னைக்கு வர்ற வழியிலதான் தெரிஞ்சுது, அவனுக்கு ஒரு கட்டியும் இல்ல. மொதல்லருந்தே இல்ல. நெஞ்செரிச்சல். அது அவனுக்குத் தெரியும். இந்தா படம் பிடிக்கிற எல்வினுக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது."

ராபின் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. எல்வின் செல்போனை இறக்கினான்.

"இவன் காட்டேஜ் கக்கூசு பைப்பத்தான் ஓடையில விட்டிருக்கான். நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த மனு அதுக்குத்தான். அத..." மைக்கைக் கிட்டே இழுத்தாள். "அத நான் குடுக்கல. சாகப்போறவன்னு நெனச்சு, பாவம்னு, வீட்டுல வச்சுப் பூட்டிட்டேன். நாலு மாசமா அது ஆபீசுக்கே போகல. ஒங்கள்ட்டச் சொல்லவும் எனக்கு வாய் வரல. இதுதான் நான் சொல்ல வேண்டியது."

மைக்கை உபகாரத்திடம் கொடுத்தாள். யாரும் 'ஆமென்' சொல்லவில்லை. பிறகு ஒரே கூச்சல். தோட்டத்துப் பெண்கள் ராபினைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன், "ஆக்ஸிக்கு வெயில்ல மூளை கொழம்பிருச்சு," என்று ஏதோ சொல்லப் பார்த்தான். "யாருக்குலே கொழம்பிச்சு? பைப்பு இருக்கா இல்லையா, அதச் சொல்லு!" என்று ஒருத்தி அவன் ஸ்பீக்கரைப் பிடுங்கிக் காலடியில் போட்டாள். அவன் பேட்டரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போன வேகத்துக்கு மிதிக்கிற பாவனைகூடச் செய்யவில்லை.

அவன் போனது ஆக்ஸிலியாவுக்குத் திருப்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. அவள் கந்தம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கந்தம்மாள் கத்தவில்லை, ஏசவில்லை. எழுந்து பக்கத்துக் குழாயடிக்குப் போனாள். ஒரு செம்பு நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"அம்புட்டுத் தூரம் மிதிச்சு வந்திருக்க. குடி."

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது ஊர் வழக்கம்தான். ஆனால் கந்தம்மாள் முகத்தில் உபசாரம் எதுவும் இல்லை. சுற்றி நின்றவர்கள் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆக்ஸிலியா செம்பை வாங்கினாள். தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. குடித்துவிட வேண்டும், முழுச் செம்பையும் குடித்துவிட வேண்டும், அதுதான் நியாயம் என்று மனசு சொன்னது. அண்ணாந்து ஒரு மடக்கு ஊற்றினாள். வாய்க்குள் போனதும் பாலத்தின் விளிம்பில் நின்றவன் கண்ணுக்குள் வந்தான், லேபில் கறுத்த குப்பி வந்தது. எவ்வளவு முயன்றும் இறங்கவில்லை. திரும்பிக்கூட நிற்க நேரமில்லாமல், அத்தனை பேர் முன்னாலும் துப்பிவிட்டாள்.

கந்தம்மாள் செம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"எங்களுக்குத் துப்பத் தெரியல பாரு," என்றாள். "நீ குடுத்திருப்ப, ஆபீஸர் வந்துருவாருன்னு நெனச்சு நெனச்சே முழுங்கிட்டோம்."

ஆக்ஸிலியா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கந்தம்மாள் விடவில்லை.

"மனு எங்க கெடக்கு?"

"வீட்டுல. பீரோவுல."

"ஆபீச எப்பப் பூட்டுவான்?"

"அஞ்சே முக்காலுக்கு."

"மணி பன்னெண்டரை ஆச்சு. பெறகு இங்க நின்னு என்ன சோலி பாக்குற? வெரசாப் போ."

எல்வின் பிக்கப்பின் கதவைத் திறந்து, "ஏறு ஆக்ஸி, நான் கொண்டுபோய் விடுறேன்," என்று கெஞ்சுகிற குரலில் கூப்பிட்டான். அவள் அவன் பக்கம் திரும்பாமல் சைக்கிளை எடுத்தாள். பதினெட்டுக் கிலோமீட்டரில் பெரும்பாலும் ஏற்றம். வயிறு காலி, கால் இரண்டும் வலித்தது. ஊர் எல்லை தாண்டும் வரை யாராவது ஒருத்தர், 'போய்ட்டு வா புள்ள' என்று சொல்வார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டே மிதித்தாள். ஒருத்தரும் சொல்லவில்லை.